பாட்டிலுக்கு என்ன விலை போட்டீர்கள்? தொழில்பிரிவு அறிக்கை மாறியபோது ஒரு புதுச்சேரி நிறுவனத்தில் நடந்தது

2018 பிப்ரவரியில் ஒரு நிறுவனத்தின் நிதி மேலாளர் எனக்கு அனுப்பிய ஆண்டறிக்கை வரைவில், எந்தத் தொழிலில் எவ்வளவு விற்பனை, எவ்வளவு லாபம் என்று பிரித்துக் காட்ட வேண்டிய தொழில்பிரிவுக் குறிப்பு ஒரே வரிதான்: "நிறுவனம் பேக்கேஜிங் என்ற ஒரே தொழில்பிரிவில் இயங்குகிறது." அதற்கு முந்தைய ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே வரி, ஒரு சொல்கூட மாறாமல். உள்நாட்டு விற்பனை இவ்வளவு, ஏற்றுமதி இவ்வளவு என்று கீழே இரண்டு எண்கள். அவ்வளவுதான்.

நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தொழிலின் சில விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். விகிதங்களும் நடந்த வாதங்களும் புரியும்படி எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சிறு நிறுவனம் அது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் அட்டைப்பெட்டி ஆலை, திருபுவனையில் பிளாஸ்டிக் பாட்டில் ஆலை, கடலூர் சிப்காட்டில் ஒரு பெரிய வாடிக்கையாளருக்காகத் திரவ சோப்பை நிரப்பிக் கொடுக்கும் ஆலை. ஓரமாக, கழிவு பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்யும் சிறு பட்டறை ஒன்று. 250 கோடி ரூபாய் நிகர மதிப்பு இல்லாவிட்டாலும், பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால் 2017 ஏப்ரல் 1 முதல் அதற்கு இண்ட் ஏஎஸ் என்ற புதிய இந்தியக் கணக்கியல் தரநிலைகள் கட்டாயம். அந்த மாற்றத்துக்கு உதவத்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

தொழில்பிரிவுக்கான பழைய தரநிலை ஏஎஸ் 17. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2000 அக்டோபரில் வெளியிட்டது. 2001 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அது கேட்ட கேள்வி: உங்கள் தொழில்களில் எவற்றின் இடரும் வருவாயும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன? தொழில் வகையில் ஒரு பிரிப்பு, நிலப்பரப்பில் ஒரு பிரிப்பு, இரண்டில் ஒன்று முதன்மை, மற்றது இரண்டாம் நிலை. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் "எல்லாம் பேக்கேஜிங்தானே, இடர் ஒன்றுதானே" என்று பதில் சொல்லிவிட்டுப் போவதும் எளிதாக இருந்தது. இந்த நிறுவனம் பதினாறு ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தது.

புதிய இண்ட் ஏஎஸ் 108 வேறு கேள்வி கேட்கிறது: உங்கள் நிறுவனத்தில் பணத்தை எங்கே போடுவது, எந்த ஆலை எப்படி ஓடுகிறது என்று முடிவெடுப்பவர் யார்? அவர் மேசைக்கு எந்தக் கணக்கு போகிறது? அந்தக் கணக்கு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறதோ, வெளியுலகத்துக்கும் அப்படியே காட்டுங்கள். அந்த நபரைத் தரநிலை முதன்மைச் செயல்முடிவெடுப்பவர் என்கிறது. அலுவலகங்களில் சிஓடிஎம் என்றே பேசிக்கொள்கிறோம். எண்களை அளக்கும் முறைகூட அவருடைய முறையாகவே இருக்கலாம். நிறுவனத்தின் மொத்தக் கணக்கோடு அது எப்படி ஒத்துப்போகிறது என்று சமன்படுத்திக் காட்டினால் போதும்.

ஆடிட்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "எம்.டி.க்கு மாதாமாதம் போகிற எம்ஐஎஸ் ஃபைலைக் கொடுங்க." நிர்வாகத்துக்கான அந்த உள்கணக்கு ஃபைலில் மூன்று ஆலைக்கும் தனித்தனித் தாள், மறுசுழற்சிப் பட்டறைக்கு ஓர் அரைத்தாள். ஒவ்வொன்றின் கீழும் லாபம், அதன் பக்கத்தில் எம்.டி.யின் கையெழுத்தில் பச்சை மைக் குறிப்புகள். "திருபுவனைக்குப் புது மெஷின் வாங்கலாம்." "சிப்காட் ஓவர்டைமைக் குறைக்கணும்." அந்தப் பச்சை மைக்கு மேல் வாதாட யாராலும் முடியவில்லை. ஒரே பிரிவு என்ற வரி அன்றைக்கே போய்விட்டது.

அப்புறம் பேச்சு, பெட்டியையும் பாட்டிலையும் சேர்த்துக் காட்டலாமா என்று போனது. பொருளாதாரத் தன்மை ஒத்திருந்தால் சேர்க்க 12ஆம் பத்தி இடம் தருகிறது. அந்த ஒப்புமைக்குத் தரநிலையே தரும் உதாரணம், நீண்டகாலச் சராசரி மொத்த லாப விகிதம். பெட்டியில் 9 சதவீதம், பாட்டிலில் 21. சேர்க்க வழியே இல்லை. வருவாய், லாபம், சொத்து இவற்றில் ஒன்றிலாவது பத்து சதவீதத்தை எட்டும் பிரிவைத் தனியாகக் காட்ட வேண்டும் என்ற சோதனை சுருக்கமாக முடிந்தது. உள் விற்பனையையும் சேர்த்தால் பெட்டி 90 கோடி, பாட்டில் 70, நிரப்புதல் 60, மறுசுழற்சி 8. ஆக 228. அதில் பத்து சதவீதம் 22 கோடியே 80 லட்சம். மறுசுழற்சி லாபத்திலும் சொத்திலும்கூட எட்டவில்லை, "மற்றவை"க்குள் போனது.

இதுவரை எல்லாம் வழக்கமானதுதான். பிரச்சினை தொடங்கியது பாட்டிலில்.

பாட்டில் எந்தப் பிரிவின் லாபம்?

நிதி மேலாளரின் பயம் நியாயமான பயம். "வெளியில விக்கிற பாட்டில்ல 21 சதவீதம் நிக்குதுன்னு தெரிஞ்சா, நாளைக்கே எல்லா வாடிக்கையாளரும் விலையைக் குறைன்னு வந்து நிப்பாங்க சார். போட்டிக்காரனும் பார்ப்பான்." தொழில் ரகசியம் கெடும் என்பதற்காக விலக்கு கேட்க இண்ட் ஏஎஸ் 108இல் இடமில்லை. அதன் மூலமான சர்வதேசத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 8இலும் இல்லை. உலகம் முழுக்க நிறுவனங்கள் இந்த மனக்குறையைச் சொன்னபடிதான் இருக்கின்றன.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அவர் முகம் தெளிந்தது. திருபுவனை ஆலையின் 70 கோடியில் வெளி விற்பனை 45 கோடி. அதில் லாபம் 9 கோடியே 45 லட்சம். மீதி 25 கோடிப் பாட்டில்கள் சிப்காட்டின் நிரப்பும் ஆலைக்குப் போகின்றன. அவற்றைத் தயாரிப்புச் செலவுக்கே, ஒரு ரூபாய் லாபம் வைக்காமல் மாற்றிக்கொள்வது அங்கே பல வருடப் பழக்கம். எம்.டி.யின் தாளிலும் அப்படியே இருந்தது. எனவே ஆண்டறிக்கையில் தெரியப்போவது 70 கோடிக்கு 9 கோடியே 45 லட்சம், அதாவது 13.5 சதவீதம். 21 மறைந்துவிட்டது. சட்டப்படியும் சரி, தரநிலைப்படியும் சரி. "பிரிவுகளுக்கிடையிலான மாற்றங்கள் செலவு விலையில் பதிவு செய்யப்படுகின்றன" என்று ஒரு குறிப்பு வேண்டும், அதைப் போட்டார்கள். 2018 மே மாதக் கடைசியில் கணக்கு வெளியானது.

அந்தக் குறிப்பை நானும் படித்துச் சரி சொன்னேன். அதன் மறுபக்கம் என்ன செய்யும் என்று அப்போது நான் முழுதாக யோசிக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மறுபக்கம் இதுதான். பாட்டில் மலிவாக வந்ததால் நிரப்பும் ஆலையின் லாபம் 60 கோடிக்கு 7 கோடியே 20 லட்சம், 12 சதவீதம் என்று தெரிந்தது. அந்த 60 கோடியும் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருவது. மொத்த வெளி விற்பனை 188 கோடி. வருவாயில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ தரும் வாடிக்கையாளர் இருந்தால், அந்தத் தொகையையும் அது எந்தப் பிரிவுக்குரியது என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லத் தேவையில்லை. கடலூரில் யாரைக் கேட்டாலும் பெயர் தெரியும், அது வேறு விஷயம்.

செப்டம்பரில் அந்த வாடிக்கையாளரின் கொள்முதல் குழு ஆண்டறிக்கையின் அந்தப் பக்கத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு கட்டணப் பேச்சுக்கு வந்தது. "எங்க வேலையில உங்களுக்குப் பன்னிரண்டு சதவீதம் நிக்குது. ஒப்பந்த நிரப்புதலுக்கு இது அதிகம்." நிதி மேலாளருக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பன்னிரண்டில் பெரும்பங்கு நிரப்புவதில் வந்த லாபமே அல்ல, பாட்டிலில் வந்தது. அதைச் சொன்னால் பாட்டில் லாபத்தை அவரே விளக்க வேண்டியிருக்கும். எதை மறைத்ததற்காகச் சந்தோஷப்பட்டாரோ அதுவே அவர் வாயைக் கட்டிவிட்டது. கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே எம்.டி. கேட்ட கணக்கை உட்கார்ந்து போட்டோம். செலவு விலையில் 25 கோடி. அதே பாட்டிலை வெளியாருக்கு விற்றால் 21 சதவீத லாபத்தோடு சுமார் 31 கோடியே 65 லட்சம் கிடைக்கும். வித்தியாசம் 6 கோடியே 65 லட்சம். அதை நிரப்பும் ஆலையிலிருந்து கழித்தால் 7 கோடியே 20 லட்சம் 55 லட்சமாகச் சுருங்குகிறது. பாட்டில் ஆலை 9 கோடியே 45 லட்சத்திலிருந்து 16 கோடியே 10 லட்சமாகிறது. இரண்டின் கூட்டுத்தொகை முன்பும் பின்பும் 16 கோடியே 65 லட்சம்தான். கம்பெனிக்குள் ஒரு காசு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் எந்த ஆலை வாழ்கிறது, எந்த ஆலை மூச்சுத் திணறுகிறது என்ற கதை தலைகீழாகிவிட்டது.

எம்.டி. கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தத் தாளை வைத்துத்தான் சிப்காட்டில் இரண்டாவது நிரப்பும் வரிசை போட அவர் பாதி மனசு வைத்திருந்தார்.

2018-19 கணக்கில் உள்மாற்று விலையைச் சந்தை விலைக்கு மாற்றினார்கள். ஆடிட்டர் கறாராக இருந்தார்: வருடக் கடைசியில் குறிப்பில் மட்டும் மாற்றினால் ஒத்துக்கொள்ள முடியாது, எம்.டி.க்குப் போகும் மாதத் தாளே மாற வேண்டும். சரியான நிலைப்பாடு. எஸ்ஏ 501 என்ற தணிக்கைத் தரநிலை, பிரிவுத் தகவலை நிர்வாகம் எப்படித் தயாரிக்கிறது, உள்மாற்றங்களை எப்படிக் கையாள்கிறது என்பதைத் தணிக்கையாளர் புரிந்துகொண்டாக வேண்டும் என்கிறது. அளக்கும் முறை மாறினால் என்ன மாறியது, அதனால் எண்ணில் என்ன விளைவு என்று சொல்லவும் வேண்டும். சொன்னார்கள். முந்தைய ஆண்டின் எண்களையும் புதிய முறையில் திருத்திக் காட்டினார்கள்.

"எந்தக் கணக்கு சார் நிஜம்?"

2019 தீபாவளிக்கு முன் சிப்காட் ஆலையில் போனஸ் பேச்சு. சங்கத் தலைவர் இரண்டு ஆண்டறிக்கைகளையும் மேசையில் விரித்து வைத்தார். "போன புத்தகத்துல எங்க ஆலைக்கு ஏழு கோடி இருபது லட்சம்னு போட்டீங்க. இந்தப் புத்தகத்துல அதே வருஷத்துக்கு அம்பத்தஞ்சு லட்சம்னு போட்டிருக்கீங்க. எந்தக் கணக்கு சார் நிஜம்?"

இந்தத் தரநிலை மாற்றம் குறித்து என் காதில் விழுந்த கேள்விகளில் இதைவிடக் கூர்மையான ஒன்று இல்லை.

அவர் பயத்துக்குச் சட்டத்திலேயே வேர் இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு நிறுவனத்தின் கிளைகளையெல்லாம் ஒரே நிறுவனமாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு கிளைக்குத் தனி இருப்புநிலைக் குறிப்பும் தனி லாப நட்டக் கணக்கும் தயாரித்துப் பராமரித்தால் அதைத் தனி நிறுவனமாகக் கருதலாம் என்றும், ஏற்கெனவே மொத்தத்தோடு சேர்த்துப் போனஸ் கணக்கிட்டு வந்த கிளைக்கு அப்படிச் செய்ய முடியாது என்றும் அதே பிரிவில் விதி இருந்தது. "55 லட்சம்தான் லாபம், உங்களுக்கு 8.33 சதவீதக் குறைந்தபட்சம்தான்" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்களோ என்பதே தொழிலாளர்களின் கவலை.

தொழில்பிரிவுக் குறிப்பு தனி இருப்புநிலைக் குறிப்பு ஆகாது. அதுவும் போக, சிப்காட் ஆலை ஆரம்பம் முதல் மொத்தக் கணக்கோடுதான் இருந்தது. இதை எழுத்தில் கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் சொன்னேன், கொடுத்தார்கள். போனஸ் மொத்த லாபத்தின் மேல்தான் கணக்கிடப்பட்டது. ஆனால் அவர் கேள்விக்கு அது பதிலல்ல. நான் சொன்ன பதில்: இரண்டும் நிஜம். முதல் புத்தகம், பாட்டில் ஆலை உங்களுக்குச் சும்மா உழைத்தால் வரும் கணக்கு. இரண்டாவது, பாட்டில் ஆலைக்கும் அதன் கூலியைக் கொடுத்தால் வரும் கணக்கு. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படின்னா முதல் புத்தகத்துலேயே அதைத் தெளிவா எழுதியிருக்கணும்" என்றார். எழுதித்தான் இருந்தது, ஒரே வரியில். அவர் சொன்னது சரி. அந்த ஒரு வரி போதவில்லை.

வங்கி, முதலீட்டாளர், இரண்டு ஊர்கள்

வங்கியின் கடன் அதிகாரியிடம் கேட்டால் அவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. மாதாந்தரச் சரக்குப் பட்டியல், கடன் புதுப்பிப்புக்கான சிஎம்ஏ படிவம், ஆலைவாரி விவரம் எல்லாம் கேட்ட மறுநாளே வந்துவிடும். கொடுக்காவிட்டால் கடன் கிடையாது.

வில்லியனூரிலிருந்து பொதுக்குழுவுக்குத் தவறாமல் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரை வாத்தியார் என்பார்கள். நானூறு பங்கு வைத்திருக்கிறார். கேட்டுப் பெறும் பலம் அவருக்கு இல்லை. அச்சில் வருவது மட்டுமே அவருக்குக் கணக்கு. மூன்று ஆலையும் தனித்தனியாகத் தெரிந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. "பதினாறு வருஷமா ஒரே வரியைப் படிச்சிட்டிருந்தேன் தம்பி" என்றார். ஆனால் ஒரு வருடம் மட்டும் பின்னோக்கித் திருத்திக் காட்டினால் போக்கு எப்படித் தெரியும், அடுத்த வருடம் மறுபடி மாற்றினால் என்ன செய்வது என்றும் கேட்டார்.

அவர் குறை உள்ளூர்க் குறை இல்லை. அமெரிக்காவின் 1997ஆம் ஆண்டு 131ஆம் எண் தொழில்பிரிவுத் தரநிலையை அடியொற்றி, சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியமான ஐஏஎஸ்பி 2006 நவம்பரில் ஐஎஃப்ஆர்எஸ் 8ஐக் கொண்டுவந்தபோதே எதிர்ப்பு கிளம்பியது. பிரிட்டனின் முதலீட்டாளர்கள் பலர் நிலப்பரப்புவாரி விவரம் குறைந்துவிடும் என்றார்கள். சுரங்க நிறுவனங்கள் நாடுவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 'பப்ளிஷ் வாட் யூ பே' இயக்கத்தினர் கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தயங்கித் தயங்கி 2007 நவம்பரில்தான் ஏற்றது. 2013 ஜூலையில் ஐஏஎஸ்பி வெளியிட்ட மறுபார்வை அறிக்கையில் தயாரிப்பாளர்களும் தணிக்கையாளர்களும் பெரும்பாலும் திருப்தியாக இருந்தார்கள். முதலீட்டாளர்களின் கருத்து பிளவுபட்டிருந்தது. நிர்வாகத்தின் பார்வை தெரிவது நல்லது என்று சிலர், நிர்வாகம் காட்ட விரும்புவதைத்தான் காட்டும் என்று சிலர். பிரிவுகள் மாறினால் முந்தைய இடைக்காலக் கணக்குகளையும் முன்கூட்டியே திருத்தித் தர வேண்டும் என்ற யோசனை 2017 மார்ச் வரைவில் இருந்தது. வாத்தியாருக்கு அது பிடித்திருக்கும். 2019இல் அந்த வரைவையே கைவிட்டார்கள்.

பின்னர் அமெரிக்கர்கள் ஒரு படி முன்னே போனார்கள். 2023 நவம்பர் திருத்தத்தின்படி, முடிவெடுப்பவருக்கு வழக்கமாகப் போகும் முக்கியச் செலவுகளையும் பிரிவுவாரியாகக் காட்ட வேண்டும், அவர் வகிக்கும் பதவியைச் சொல்ல வேண்டும், ஒரே பிரிவு என்று சொல்பவர்களும் இதையெல்லாம் தர வேண்டும். 2024 ஜூலையில் ஐஎஃப்ஆர்எஸ் தரப்பிலும் ஒரு விளக்கம் வந்தது. 23ஆம் பத்தியில் குறிப்பிட்ட வருவாய், செலவு இனங்கள் பிரிவு லாபத்துக்குள் இருந்தால், முடிவெடுப்பவர் அவற்றைத் தனியாகப் பார்க்காவிட்டாலும் வெளியிட வேண்டும். திசை நல்ல திசை. ஆனால் எனக்குத் தெரிந்தவரை எதுவும் உள்மாற்று விலையை எப்படித் தீர்மானித்தீர்கள் என்று இன்னும் அழுத்திக் கேட்கவில்லை. அடிப்படையைச் சொன்னால் போதும் என்றே நிற்கிறது. "செலவு விலை", "சந்தை விலை" என்ற இரண்டிரண்டு சொற்கள் போதுமானவை என்று நான் இனி நம்பப் போவதில்லை.

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது புரிய வேறு பாடமே வேண்டாம். நெய்வேலியில் என்எல்சி இந்தியா சுரங்கத்தையும் மின்உற்பத்தியையும் இரண்டு பிரிவுகளாகக் காட்டுகிறது. தோண்டிய பழுப்பு நிலக்கரியின் பெரும்பகுதி அதன் சொந்த அனல்மின் நிலையங்களுக்கே போகிறது. என்ன விலைக்குப் போகிறது என்பதில்தான் சுரங்கத்தின் லாபமும் இருக்கிறது, மின்சாரத்தின் செலவும் இருக்கிறது. நெல்லிக்குப்பத்தில் ஆலை வைத்திருக்கும் ஈஐடி பாரி சர்க்கரை, இணை மின்உற்பத்தி, வடிப்பாலை என்று பிரித்துக் காட்டும் நிறுவனம். சக்கை கொதிகலனுக்கும் மொலாசஸ் வடிப்பாலைக்கும் போகும் எந்தத் தொழிலிலும், அந்த மாற்று விலை கரும்பு விவசாயியின் வீட்டு விஷயம். 2012இல், சர்க்கரைத் தொழிலின் கட்டுப்பாடுகளை ஆராய்ந்த ரங்கராஜன் குழு, கரும்புக்கு விலையாகச் சர்க்கரையும் முதல்நிலைத் துணைப்பொருள்களும் தரும் மதிப்பில் 70 சதவீதம், அல்லது சர்க்கரையின் ஆலைவாசல் மதிப்பில் மட்டும் 75 சதவீதம் என்று சொன்னபோது, அந்த 70க்குள் மொலாசஸ், சக்கை என்ன விலையில் நுழைகின்றன என்பதும் சேர்ந்தே வந்தது. பண்ருட்டிப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரிடம் இதை விளக்கியபோது, உள்மாற்று விலை என்ற சொல் தெரியாமலே அவர் சொன்னார்: "அது சரி, வீட்டுக்குள்ள ஒரு கையில இருந்து இன்னொரு கைக்குப் போறதுக்கு விலை போடறது யாரு?"

2019 செப்டம்பர் பொதுக்குழுவில் வாத்தியார் எழுந்து கேட்டதும் ஏறத்தாழ இதையேதான். புத்தகத்தில் அந்தக் குறிப்பைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். "சந்தை விலைன்னு போட்டிருக்கீங்க. யாரோட சந்தை? எந்த மாசத்துச் சந்தை?" மேடையில் யாரிடமும் உடனடிப் பதில் இல்லை. நிதி மேலாளர் என்னைப் பார்த்தார், என்னிடமும் இல்லை.

2019-20 ஆண்டறிக்கையில் அந்தக் குறிப்பு ஏழு வரிகளாக வளர்ந்தது. முந்தைய ஆறு மாதங்களில் தொடர்பில்லாத வெளி வாடிக்கையாளர்களுக்கு அதே அளவுப் பாட்டிலை விற்ற பில்களின் சராசரி, அதிலிருந்து விற்பனைக் கமிஷன் மட்டும் கழிவு, ஏப்ரலிலும் அக்டோபரிலும் மறுநிர்ணயம், நிர்ணயிப்பவர் நிதி மேலாளர், ஒப்புதல் தணிக்கைக் குழுவிடம். சங்கத் தலைவருக்கு அதன் நகலைத் தமிழில் கொடுங்கள் என்று கேட்டேன். சிப்காட் ஆலையின் அறிவிப்புப் பலகையில், உணவு நேரப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.